‘பேப்பர் டவுன்ஸ்’: துப்பு துலங்குகிறது, ஆள் துலங்கவில்லை

மார்கோ காணாமல்போன பிறகு அவள் அறையில் ஒரு கவிதைப் புத்தகம் கிடைக்கிறது. அதில் இரண்டே வரிகளுக்குப் பச்சை மை தீட்டியிருக்கிறது. கதவிலிருந்து பூட்டைக் கழற்று, நிலையிலிருந்து கதவையே கழற்று என்று பொருள்படும் வரிகள். க்வென்டினும் அவன் நண்பர்களும் போய் மார்கோவின் அறைக்கதவைக் கழற்றிப் பார்க்கிறார்கள். ஒன்றும் இல்லை. பிறகுதான் உறைக்கிறது, கழற்றவேண்டியது அவள் கதவை அல்ல, க்வென்டினின் சொந்த அறைக்கதவை என்று. கழற்றினால் கீல் இடுக்கிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் விழுகிறது. அதில் ஒரு முகவரி.

ஜான் கிரீனின் ‘பேப்பர் டவுன்ஸ்’ நாவலில் ஆகச்சிறந்த இடம் இது. நாவலின் கோளாறையும் இந்த இடத்தை வைத்தே சொல்லிவிடலாம். கழற்றவேண்டியது உன் கதவை என்று ஒருத்தி இவ்வளவு பச்சையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இந்தப் பையனோ அதற்கப்புறமும் அடுத்தவர் கதவையே நோண்டிக்கொண்டிருக்கிறான். முந்நூறு பக்கக் கதையையும் நமக்குச் சொல்வது அவன் ஒருவன்தான்.

2008-இல் வந்த நாவல். பதின்பருவத்தினருக்கான துப்பறியும் கதை என்ற வகையில் 2009-இல் எட்கர் விருது பெற்றது. 2015-இல் படமாகவும் வந்தது. முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசாமல் இந்த நாவலின் குறையைச் சொல்ல முடியாது. படிக்கும் எண்ணம் இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

ஃப்ளோரிடா மாநிலம் ஆர்லாண்டோவில், ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள் நிற்கும் குடியிருப்பு. அடுத்தடுத்த வீடுகளில் க்வென்டினும் மார்கோவும். ஒன்பது வயதில் இருவரும் பூங்காவில் ஒரு மனிதரின் பிணத்தைப் பார்க்கிறார்கள். பையன் இரண்டடி பின்வாங்குகிறான், பெண் இரண்டடி முன்னால் போகிறாள். இந்த ஒரு அசைவில் இருவரையும் முழுசாக வரைந்துவிடுகிறார் ஆசிரியர். பள்ளியின் கடைசி வருடத்தில் ஒரு நள்ளிரவு, முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு மார்கோ அவன் ஜன்னலில் வந்து நிற்கிறாள். பதினொரு வேலைகள் இருக்கின்றன, கார் வேண்டும், நீ ஓட்டு என்கிறாள். மறுநாளிலிருந்து அவளைக் காணோம்.

முதலில் நாவலுக்குச் சேரவேண்டிய பாராட்டைச் சேர்த்துவிட வேண்டும். குறை ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதற்கு அதுதான் காரணம். துப்புகளைக் கோத்திருக்கும் விதம் அபாரம். அந்த இரவுக்கு மார்கோ எழுதிவைத்த சாமான் சீட்டைப் பாருங்கள்: தனித்தனியாகச் சுற்றிய முழுக் கெளுத்தி மீன் மூன்று, முடி நீக்கும் க்ரீம், வாசலின், ஒரு டஜன் துலிப் பூ, நீல நிற ஸ்ப்ரே பெயின்ட் ஒரு டப்பா, இன்னும் சில. ஒவ்வொன்றும் அன்றிரவே எங்கே செலவாகிறது என்று தெரிந்துவிடும். தெரியாமல் நழுவிப் போவது, சீட்டை எழுதியிருக்கும் முறை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து வரவேண்டிய இடத்தில் போடாமல், வரக்கூடாத இடங்களில் கண்டபடி போட்டிருப்பாள். வாக்கியத்தின் நடுவில் மாட்டிக்கொண்ட சொற்களுக்கு இலக்கண விதி அநியாயம் செய்கிறதாம்; அது அவள் கட்சி. சிரித்துவிட்டுத் தாண்டிப் போவோம். ஏறக்குறைய இருநூறு பக்கம் கழித்து, விக்கிப்பீடியாவை ஒத்த ஒரு தளத்தில், கண்டபடி பெரிய எழுத்து விழுந்த ஒற்றை வரிக் குறிப்பு ஒன்று கண்ணில் படும்போது, பெயர் போடாத அந்தக் கை யாருடையது என்று வாசகருக்கும் க்வென்டினுக்கும் ஒரே நொடியில் தெரிந்துவிடும். துப்பறியும் கதை எழுதுபவர்கள் பாடமாகவே வைத்துக்கொள்ளலாம்.

தலைப்பும் அப்படித்தான். காகித ஊர் என்ற சொல்லுக்கு நாவலில் மூன்று அர்த்தம் வருகிறது, ஒன்றின் தோலை உரித்தால் அடுத்தது. முதலில், உயர்ந்த கட்டடத்தின் உச்சியிலிருந்து தன் ஊரைப் பார்த்து மார்கோ சொல்லும் வசவு: காகித வீட்டில் வாழும் காகித மனிதர்கள். அடுத்து, மனை பிரித்துச் சாலை போட்டு, வீடு கட்டாமல் கைவிட்ட குடியிருப்புகள். மூன்றாவதுதான் கதையின் சாவி: வரைபடம் தயாரிப்பவர்கள் திருட்டைப் பிடிக்க வேண்டுமென்றே நுழைத்துவைக்கும் பொய் ஊர். நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில், ரோஸ்கோ அருகே இருக்கும் அக்லோ. இது கற்பனை அல்ல. ஜெனரல் டிராஃப்டிங் என்ற வரைபட நிறுவனத்தின் ஓட்டோ ஜி. லிண்ட்பெர்க்கும் அவர் உதவியாளர் எர்னஸ்ட் ஆல்பெர்ஸும் 1930-களில் தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளைக் கலைத்துப் போட்டு உண்டாக்கிய ஊர் அது. சில ஆண்டு கழித்துப் போட்டி நிறுவனமான ராண்ட் மெக்நாலியின் வரைபடத்தில் அக்லோ இருந்தது. திருடன் அகப்பட்டான் என்று பார்த்தால், அங்கே உண்மையிலேயே அக்லோ என்ற பெயரில் ஒரு மளிகைக்கடை நின்றது. வரைபடத்தைப் பார்த்து அந்த இடத்துக்கு இதுதான் பெயர் போலிருக்கிறது என்று யாரோ கடைக்குச் சூட்டிவிட்டார்கள். பொய் ஊர் மெய்யாகிவிட்டது. மார்கோ ஒளிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் பூமியில் கிடையாது.

மார்கோ வீட்டு நாயின் பெயரிலும் இதே குறும்புதான்: மிர்னா மவுண்ட்வீசல். 1975-ஆம் ஆண்டின் நியூ கொலம்பியா கலைக்களஞ்சியத்தில், லிலியன் வர்ஜீனியா மவுண்ட்வீசல் என்று பிறக்கவே பிறக்காத ஒரு புகைப்படக்காரருக்கு வாழ்க்கைக் குறிப்பு போட்டிருந்தார்கள். அதுவும் திருட்டைப் பிடிக்க வைத்த பொறிதான். நாய்க்கு அந்தப் பெயரை வைத்து முதல் பகுதியிலேயே விடையைக் கண்முன் உலவ விடுகிறார் கிரீன். இரண்டாம் முறை படிப்பவருக்கு மட்டும் கிடைக்கும் பரிசு.

இவ்வளவு நேர்த்தியான இயந்திரத்தை யாரிடம் ஓட்டக் கொடுத்திருக்கிறார் என்பதுதான் பிரச்சினை.

க்வென்டின் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால்கூடச் சுவாரசியம் இருந்திருக்கும். அவன் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடுகிறவன். அவன் சிறுவயதிலிருந்து பூஜித்த மார்கோ ஒருத்தி இருக்கிறாள். அவன் மண்டைக்குள் இருப்பவள். அவளைத் தவிர மற்றவர்கள் எல்லாம் இடைஞ்சல். நண்பன் பென் தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெண்ணோடு பிராம் எனப்படும் பள்ளி இறுதியாண்டு நடன விருந்துக்குப் போகப்போகிறான், வேறு எதையும் பேச மாட்டேன் என்கிறான். அது க்வென்டினுக்கு எரிச்சல். இன்னொரு நண்பன் ராடாருக்குக் காதலி இருக்கிறாள், அவளை வீட்டுக்கு அழைக்கமுடியாத ஒரு சங்கடம் இருக்கிறது: அவன் பெற்றோர் கறுப்பு நிற சாண்டா பொம்மைகளைச் சேர்ப்பதில் உலக சாதனை படைத்தவர்கள், வீடு முழுக்க அதுதான். நாவலின் மிகச் சிரிப்பான சரக்கு இது. கதைசொல்லியின் மனம் அங்கேயும் நிற்பதில்லை. பிராம் இரவில் எல்லோரும் ஆடப் போகிறார்கள். இவன் துண்டுக் காகிதத்தின் முகவரியில் கண்டுபிடித்த பாழடைந்த கடைத்தொகுதியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். குடித்துவிட்டு உளறும் பென்னை விருந்திலிருந்து அழைத்துவர வேண்டியிருக்கும்போது, தன் தேடலைக் கெடுத்துவிட்டான் என்பதுபோல் கசந்துகொள்கிறான்.

இதை ராடாரே அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். எப்போதும் தாமதமாக வருகிறாய், மார்கோவைத் தவிர எதிலும் உனக்கு அக்கறை கிடையாது, என் காதலியைப் பற்றி ஒருநாளாவது கேட்டிருப்பாயா, ஆனாலும் நான் உன்னை வெறுக்கவில்லை, நீ நீதான் என்று விட்டுவிட்டேன், நீயோ மற்றவர்கள் அவர்களாக இருக்கக்கூடாது என்று எதிர்பார்க்கிறாய். நோயை இவ்வளவு துல்லியமாகக் கண்டு சொல்லும் பாத்திரம் நாவலுக்குள்ளேயே இருக்கிறது. அடுத்து என்ன நடக்க வேண்டும்? க்வென்டின் ஒரு தடவையாவது ராடாரிடம் அவன் காதலியைப் பற்றி மனதார விசாரித்திருக்க வேண்டும். அப்படி நிற்கும் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. அவன் தலையாட்டிவிட்டு அடுத்த துப்புக்குப் போய்விடுகிறான். நண்பர்கள் பட்டமளிப்பு விழாவைத் துறந்து வண்டியில் ஏறுவது வரை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டே இருக்கிறான். திருப்பிக் கொடுத்ததாக நாவலின் கணக்கில் வரவே இல்லை.

இங்கே ஒரு பதில் வாதம் வரும், நியாயமானதும்கூட. க்வென்டின் எரிச்சலூட்டுவது திட்டமிட்டதுதானே? ஒரு பெண்ணைப் புதிராகவும் அதிசயமாகவும் பார்ப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம் என்று காட்டத்தான் இந்த நாவல் என்று கிரீனே சொல்லியிருக்கிறார். ஜன்னலில் வந்து நிற்கும் விநோதப் பெண், சோம்பிக் கிடக்கும் பையனின் வாழ்க்கையைத் தட்டி எழுப்பிவிட்டுப் போவது என்ற வார்ப்பை உடைப்பதே அவர் நோக்கம். நோக்கத்தில் சந்தேகமில்லை. இழைகள், புல், கலம் என்று மூன்று பகுதிகளுக்கும் வைத்த பெயர்களே மனிதரை நினைத்துப் பார்க்க மூன்று உருவகங்கள். அறுந்த இழையைத் தைக்க முடியாது, புல்லின் வேர்கள் பின்னிக்கிடக்கும், கலத்தில் விரிசல் விட்டால் உள்ளே வெளிச்சம் போகும். நன்றாக யோசித்த கட்டுமானம்.

ஆனால் அளவு தவறிவிட்டது. வார்ப்பை உடைக்கிறேன் என்று தொடங்கியவர் அதை ஊட்டி வளர்ப்பதற்கே நாவலில் பெரும்பங்கைச் செலவிடுகிறார். முதல் பகுதியின் மார்கோ மனத்தை மயக்குபவள், வாய் திறந்தால் வசனம் பேசுபவள். நடுப்பகுதியில் அவள் இல்லை, அவளைப் பற்றிய ஊகம் மட்டும். கடைசியில் சில பத்துப் பக்கங்களில் நேரில் வருகிறாள், வந்ததும் தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும் வேலையை அவள் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஒரு ஆளை நாம் தெரிந்துகொள்வது அவள் தன்னைப் பற்றி எடுத்துரைப்பதால் அல்ல. சாப்பிடும்போது, சண்டை போடும்போது, தப்பு செய்துவிட்டு மழுப்பும்போது கூட இருப்பதால். அதற்கு இங்கே நேரமே இல்லை. அவள் தங்கை ரூத்தி, பூட்டை மாற்றிவிட்ட பெற்றோர், துரோகம் செய்த காதலன் என்று மார்கோவுக்கென்று ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. அது எல்லாம் கதைசொல்லியின் கண் போகாத மூலையில் கிடக்கிறது.

நடுப்பகுதி இழுவைதான் என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. கைவிட்ட மனைப் பிரிவுகளுக்குப் போகிறான், ஒன்றுமில்லை. இன்னொன்றுக்குப் போகிறான், ஒன்றுமில்லை. மார்கோ பச்சை மை தீட்டிய அந்தப் புத்தகத்திலுள்ள, அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் நெடுங்கவிதையை எடுத்துத் திரும்பத் திரும்பப் புரட்டுகிறான். அதில் தற்கொலைக் குறிப்புதான் இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு படிக்கிறான், அதனால் அதுவே தெரிகிறது. முழுக் கவிதையையும் படி என்று ஆசிரியை சொல்லவேண்டியிருக்கிறது. (பாரதி தன் ‘நகரம்’ கட்டுரையில் விட்மனை மனம் திறந்து புகழ்ந்திருக்கிறார். இந்த நாவல் வழியாக விட்மனுக்குப் போகும் பிள்ளைகள் அதையும் படித்தால் க்வென்டினைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.) தவறான வாசிப்பு என்பது நாவலின் கருப்பொருள், சரி. அந்தத் தவறை ஒருமுறை காட்டினால் போதும். நாலைந்து முறை காட்டும்போது வாசகர் கதைசொல்லியைவிட ஐம்பது பக்கம் முன்னால் போய் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார்.

மூன்றாம் பகுதியில் நாவலுக்கு உயிர் வந்துவிடுகிறது. ஆர்லாண்டோவிலிருந்து அக்லோ வரை இருபது மணி நேரத்துக்கு மேலான பயணம், அத்தியாயத்துக்கு ஒரு மணி நேரம். பட்டமளிப்பு அங்கிக்குள் ஒன்றுமே போடாமல் வந்துவிட்ட நண்பர்கள், பெட்ரோல் பங்க்கில் நிமிடக் கணக்கு வைத்து ஓடும் ஓட்டம், அங்கே வேறு சட்டை கிடைக்காததால் கறுப்பினத்தவனான ராடார், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடி போட்ட டி-ஷர்ட்டை மாட்டிக்கொள்ள வேண்டிய அவலம், இருட்டில் சாலை நடுவே நிற்கும் பசு. எல்லாமே கச்சிதம். கவனித்துப் பார்த்தால் இந்தப் பகுதி நன்றாக இருப்பதற்குக் காரணம் எளிது. க்வென்டின், பென், ராடார், மார்கோவின் தோழி லேசி என நான்கு பேர் ஒரே வண்டிக்குள் அடைபட்டிருக்கிறார்கள், க்வென்டின் மற்றவர்களைப் பார்த்தே ஆகவேண்டும்.

பிறகு வண்டி நிற்கிறது. இடிந்துகிடக்கும் அந்தப் பழைய கடைக்குள் மார்கோ உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். வந்தவர்களைப் பார்த்து அவளுக்கு மகிழ்ச்சி இல்லை, எரிச்சல்தான். தேடி வரச் சொல்லி அவள் கூப்பிடவே இல்லை. இந்த அடி சரியான அடி. க்வென்டினுக்கும், அவனோடு சேர்ந்து நம்பிய நமக்கும் விழவேண்டியதுதான். பிரச்சினை அதற்கு அடுத்த பக்கத்தில் தொடங்குகிறது. கூப்பிடவில்லை என்றால் ஜன்னல் திரைக்குப் பின்னால் பாடகரின் படம், இசைத்தட்டில் வட்டமிட்ட பாட்டு, கவிதையில் பச்சை மை, கீலில் முகவரி என்று இத்தனை படிக்கட்டு எதற்கு? கடைத்தொகுதி வரை அவன் வரட்டும் என்று நினைத்ததாக வைத்துக்கொண்டாலும், இன்ன தேதி நண்பகல் வரை அக்லோவின் மக்கள்தொகை ஒன்று என்று இணையத்தில் போட்ட குறிப்பு யாருக்காக? நிறைவான பதில் இல்லை. பொறியின் கடைசிப் பல்சக்கரம் மட்டும் எதோடும் கவ்வாமல் சும்மா சுற்றுகிறது.

அதற்குப்பின் எல்லாம் அவசரம். நண்பர்களைத் தங்கும் விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள், இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு அவ்வளவுதான் மரியாதை. இருவரும் பேசுகிறார்கள், குழி தோண்டி அவளுடைய நோட்டுப் புத்தகத்தைப் புதைக்கிறார்கள், முத்தமிடுகிறார்கள். நியூயார்க் நகருக்கு என்னோடு வா என்கிறாள், அவன் மறுக்கிறான். இருட்டில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பதோடு கதை முடிகிறது. பதினெட்டு வயதுப் பெண் பள்ளியை முடிக்காமல் அந்த நகரத்தில் எப்படிப் பிழைப்பாள்? பெற்றோரோடு என்ன ஆகும்? தொடர்பில் இருப்போம் என்பது நடக்கிற காரியமா? ஒன்பது வயதில் பார்த்த பிணம் இருவரையும் எப்படிச் செதுக்கியது என்ற கேள்வியும் புதைத்த நோட்டோடு மண்ணுக்குள் போய்விடுகிறது.

திறந்த முடிவு என்பதே குற்றம் என்று சொல்ல வரவில்லை. இதே ஆசிரியரின் முதல் நாவலான ‘லுக்கிங் ஃபார் அலாஸ்கா’வும் (2005) விடை சொல்லாமல்தான் முடிகிறது. அந்தப் பெண் காரில் மோதி இறந்தது விபத்தா, அவளே தேடிக்கொண்டதா என்று கடைசிவரை தெரியாது. அங்கே அது வலிக்கிறது, பொருந்துகிறது. கேட்பதற்கு ஆள் உயிரோடு இல்லை. தெரியாமலே வாழவேண்டும் என்பதுதான் கதை. இங்கே ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் சொல்வாள். கதைசொல்லிக்குக் கேட்கத் தோன்றவில்லை, அதனால் நமக்குத் தெரியவில்லை. முன்னது புதிர், பின்னது அலட்சியம்.

பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள் கவனிக்க: பதினான்கு வயதுக்கு மேல் சரியாக இருக்கும். ஆங்கிலம் எளிது, உரையாடல் வேகமாக ஓடும். பையன்களின் கொச்சைப் பேச்சும் பெண்களைச் செல்லப்பெயர் வைத்துக் கூப்பிடும் பென்னின் வாயும் சிலருக்கு ஆகாது. குடி வருகிறது, தற்கொலை பற்றிய நீண்ட பயம் வருகிறது. இவற்றைவிட முக்கியமாகப் பேசவேண்டியது வேறு. துரோகம் செய்தவர்களை மார்கோ பழிவாங்கக் கிளம்பிய அந்த முதல் இரவில், ஆடையில்லாமல் ஓடும் ஒரு மாணவனை க்வென்டின் படம் எடுக்கிறான், பிறகு அதைக் காட்டி மிரட்டிப் பள்ளியில் நடக்கும் அடாவடியை நிறுத்துகிறான். நாவல் இதை வீரச்செயலாகவே வைத்திருக்கிறது. 2008-இல் சிரித்துக் கடந்திருக்கலாம், இன்று கைபேசி வைத்திருக்கும் பிள்ளையிடம் அப்படியே விட்டுவிட முடியாது. அதேபோல், ஒன்றும் தெரியாத லேசியின் காருக்குள் கெளுத்தி மீனை ஒளித்துவைத்ததும் மார்கோவின் கணக்கில் அழுத்தமாக எழுதப்படாத பாக்கி.

நேரம் குறைவாக இருப்பவர்கள் முதல் பகுதியையும் மூன்றாம் பகுதியின் பயணத்தையும் முழுசாகப் படித்து, நடுவில் மனைப் பிரிவுகளைச் சுற்றும் அத்தியாயங்களைப் புரட்டிக்கொண்டு போனால் பெரிதாக எதையும் இழக்கமாட்டார்கள். ராடார் திட்டும் இடத்தை மட்டும் தவறவிடக்கூடாது.

படம் பார்த்துவிட்டு நாவலுக்கு வருபவர்களுக்கு ஒரு வித்தியாசம் தெரியும். படத்தில் பிராம் விருந்தைப் பயணத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள், ராடாரின் காதலி ஏஞ்சலாவையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நண்பர்கள் விருந்துக்காக ஊர் திரும்புகிறார்கள், க்வென்டின் பின்னால் பஸ் பிடித்து வருகிறான். படமாக அது சுமார்தான். ஆனால் அவன் திரும்பி வரவேண்டிய இடம் மார்கோ இல்லை, பென்னும் ராடாரும்தான் என்று படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களுக்குப் புரிந்திருக்கிறது.